குணசீலத்தில் இறங்க வேண்டியவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை, திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து முசிறிக்குப் புறப்பட்ட பஸ்ஸில் நடந்தது இது. அன்று என் மடியில் ஒன்றரை வயது மகள். காலடியில் ஒரு பிரம்புக் கூடை, அதற்குள் பட்டுப்புடவையும் என் தங்கையின் வளைகாப்புக்கு வாங்கிய கண்ணாடி வளையல்களும். இடுப்பில் செருகிய கைக்குட்டை ஒன்று, கையில் ஒன்று, பையில் இன்னும் சில.

அந்தக் கைக்குட்டைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

திருச்சி பாலக்கரையில் பிறந்து வளர்ந்த காலத்தில் எனக்கு ஜலதோஷம்கூட எப்போதாவதுதான் வரும். எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். வந்த வருடமே ஆரம்பித்தது. ஐப்பசி மழை ஓய்ந்து கொள்ளிடத்து மணல் திட்டுகளில் நாணல் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும்போது ஒரு தடவை. மாசி கடைசியில் தெருவெல்லாம் வேம்பு பூக்கும்போது இன்னொரு தடவை. விடிகிற நேரத்தில் முதல் தும்மல் வரும். பிறகு நடுவில் மூச்சு வாங்கவும் விடாமல் வரிசையாக வரும். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தும். மேல் அண்ணம் அரிக்கும். அதை நாக்கால் சொறிந்துகொண்டு நான் எழுப்புகிற சத்தத்தைக் கேட்டு என் கணவர் முதலில் பயந்தே போனார். மத்தியானத்துக்கு மேல் தலை கல்லாகக் கனக்கும். ராத்திரி படுத்தால் மூக்கு இரண்டும் அடைத்துக்கொள்ளும். எழுந்து உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருப்பேன். கண் அசந்ததா இல்லையா என்று தெரியாமலேயே விடிந்துவிடும்.

காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க யாராவது வருவார்கள். வயிற்றுவலி என்றால் படுத்துக்கொள் என்பார்கள். தும்மலுக்கு யார் இரங்குவார்கள்? "என்னம்மா, சளியா?" என்று கேட்பார்கள். மறுநாளும் கேட்பார்கள். பத்தாம் நாள், "இன்னுமா சரியாகல?" என்பார்கள். அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். எனக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அரியமங்கலத்தில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். அசலுக்குப் பின்னால் கார்பன் வைத்து இன்னும் மூன்று தாள் செருகி அடிப்போம். கடைசி வரிக்கு வரும்போது ஒரு தும்மல் வந்தால் போதும், விரல் எங்கேயோ போய் விழும், நாலு தாளும் வீண். நகலெடுக்கும் மெஷினுக்கு அடிக்கிற ஸ்டென்சில் என்றால் இன்னும் கஷ்டம். மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனாலும் டிக்டேஷன் சொல்லும்போது ஒரு வாக்கியத்துக்கு நடுவில் மூன்று தடவை நிறுத்த வேண்டி வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? நான் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேறு இடம் பார்ப்பார்கள். டி.பி. என்று நினைத்திருப்பார்கள். ஒவ்வொருத்தரிடமும் போய் இல்லை என்று சொல்ல முடியுமா?

வீட்டில் வேறு ஒரு சங்கடம். என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. விடிகாலை ஷிஃப்ட்டுக்குப் புறப்பட்டு அவர் வாசற்படியில் கால் வைக்கிற நேரமும் என் முதல் தும்மல் வருகிற நேரமும் ஒன்றாக இருக்கும். ஒற்றைத் தும்மல் சகுனத்தடை அல்லவா? மாமியார் உடனே அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார். அவர் குடித்துவிட்டு எழுந்திருப்பார். நான் அடுத்ததைத் தும்முவேன். மறுபடி உட்காருவார். "அம்மா, ட்ரெய்ன் எனக்காக நிக்காதும்மா" என்று அவர் சிரித்தபடிதான் சொல்வார். நான் சமையலறையில் முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மாமியார் கெட்டவர் இல்லை. எனக்காக நொச்சி இலை பறித்து வந்து ஆவி பிடிக்க வைத்தவர், மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகை காட்டியவர். ஆனால் சகுனம் என்பது வேறு விஷயம்.

கடைசியில் திருச்சியில் காது மூக்கு தொண்டை பார்க்கிற ஒரு டாக்டரிடம் போனோம். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "இது சளி இல்லம்மா, அலர்ஜி. பூவுல இருந்து காத்துல பறக்கிற மகரந்தத் தூள் உங்களுக்கு ஒத்துக்கல" என்றார். எந்தப் பூ என்று கேட்டேன். நாணலாக இருக்கலாம், புல்லாக இருக்கலாம், வேம்பாக இருக்கலாம், ரயில் பாதை ஓரத்தில் புதிதாக மண்டிக் கிடக்கிற அந்த வெள்ளைப்பூச் செடியாகவும் இருக்கலாம், மெட்ராஸ் போய்த் தோலில் ஊசி குத்திப் பார்த்தால்தான் தெரியும் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். "தூக்கம் வரும். பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னபோது மாமியார் நம்பவே இல்லை. "நீ தலையில பூவே வைக்கிறதில்லையேம்மா, அப்புறம் எப்படிப் பூவால வரும்?" என்றார். நியாயமான கேள்விதான். அந்தச் சமயத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு பழைய வேட்டி நிறைய வேப்பம்பூ காய்ந்துகொண்டிருந்தது. வருடப்பிறப்புப் பச்சடிக்கும் வருடம் முழுவதும் ரசத்துக்கும் அவர் தெருவில் உதிர்ந்ததைப் பொறுக்கிச் சேர்த்தது. துணி உலர்த்த நான் மாடிக்குப் போய்விட்டு வந்தால் அன்று முழுவதும் தொலைந்தது.

அந்த மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். போட்டால் தும்மல் நிற்கும். கூடவே மற்ற எல்லாமும் நின்றுவிடும். அடுப்பில் பால் பொங்குவது கண்ணுக்குத் தெரியும், எழுந்து போய் இறக்க வேண்டும் என்று தோன்றாது. டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தால் எழுத்துகள் மிதக்கும். அதனால் வேலை நாளில் போட மாட்டேன். தும்மலோடு போவதா, தூக்கத்தோடு போவதா என்று தினமும் காலையில் ஒரு தீர்மானம் செய்ய வேண்டும். எதைத் தேர்ந்தாலும் சாயங்காலம் களைப்பு ஒன்றுதான்.

இப்போது வளைகாப்புக்கு வருகிறேன்.

என் தங்கையை முசிறியில் கொடுத்திருந்தோம். வாழைத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். அவள் கல்யாணமும் ஒரு பங்குனியில்தான் நடந்தது. கெட்டிமேளம் கொட்டி மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரத்தில், மணமேடையில் அவள் பின்னால் நின்ற நான் தும்மிவிட்டேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன். அவள் மாமியாருக்குக் கேட்டிருக்கிறது. அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் தங்கைக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்தது. பார்க்கப் போயிருந்தேன். உள்ளறையில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது கூடத்தில் அந்த அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "தாலி ஏறுற நேரத்துலயே தும்மினாங்க. அப்பவே எனக்கு மனசு சரியில்ல."

தங்கையும் அதைக் கேட்டாள். என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

இப்போது இரண்டாவது தடவை. ஏழாம் மாதம்வரை நல்லபடியாக வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் வளையல் அடுக்கிவிட வேண்டும், மூன்று மணிக்கு என்று வைத்திருந்தார்கள். அக்கா என்ற முறையில் நான் வளையல் போட்டே ஆக வேண்டும். போகாமல் இருக்கவும் முடியாது, போய்த் தும்மவும் கூடாது. என் கணவருக்கு அன்று டியூட்டி. மாமியாருக்கு உறவில் ஒரு கல்யாணம். நானும் குழந்தையும் மட்டும் புறப்பட்டோம். கிளம்பும்போது மாமியார் தாழ்ந்த குரலில், "மாத்திரையை மறக்காம போட்டுக்கம்மா. அவங்க வீட்டுல தும்மி வைக்காதே" என்றார். அதற்கு முந்தைய நாலைந்து ராத்திரிகளும் நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. ஒரு மாத்திரை போதாது என்று தோன்றியது. இரண்டாகப் போட்டுக்கொண்டேன்.

திருவானைக்காவல் போய் நின்றாலே முசிறி பஸ்ஸைப் பிடிக்கலாம். ஆனால் குழந்தையோடு நின்றுகொண்டு போக முடியாது என்று, உட்கார இடம் கிடைப்பதற்காகச் சத்திரத்துக்கே போய் ஏறினேன். பின்வாசலுக்கு இரண்டு வரிசை முன்னால் இடம் கிடைத்தது. குழந்தை ஜன்னலைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். காவேரிப் பாலம் தாண்டியது நினைவிருக்கிறது. கொள்ளிடம் பாலத்தில் வெயில் கம்பிக் கம்பியாக முகத்தில் அடித்தது நினைவிருக்கிறது. டோல்கேட்டில் யாரோ வெள்ளரிப்பிஞ்சு விற்ற குரல் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"முசிறி, முசிறி. எல்லாம் இறங்குங்க."

கண்டக்டரின் குரலில் விழித்தேன். எங்கே இருக்கிறேன் என்று புரியவே சற்று நேரமானது. கழுத்து வலித்தது, வாய் உலர்ந்திருந்தது. பஸ் பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. அப்புறம்தான் பார்த்தேன், என் மடியில் குழந்தை இல்லை.

அந்த நேரத்தில் என்ன செய்தேன் என்று கோர்வையாகச் சொல்ல எனக்கு இன்றும் வராது. சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கூடை இருந்தது. கூடையைத் திறந்தும் பார்த்தேன், அதற்குள் குழந்தை இருப்பாள் என்பதுபோல. தூக்கத்தின் பிடி இன்னும் விடவில்லை.

"இங்க இருக்கா. பதறாதீங்க. குழந்தை இங்க இருக்கா."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல். திரும்பினேன். நாற்பதை நெருங்கிய ஒரு பெண்மணி, நூல் புடவை, பக்கத்தில் ஒரு தூக்குவாளி. அவர் தோளில் என் மகள் வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். வாங்கியதும் என் கண் தானாகக் குழந்தையின் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. சங்கிலி இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். முகம் மாறவில்லை.

கண்டக்டர்தான் சொன்னார். "நொச்சியத்துல வண்டி நின்னப்போ பாப்பா மடியிலேருந்து வழுக்கி இறங்கி, நடந்து பின்படிக்கட்டுக்கு வந்துருச்சும்மா. நான் முன்னாடி டிக்கெட் போட்டுக்கிட்டு இருக்கேன், பாக்கல. டபுள் விசில் குடுத்துட்டேன். வண்டி நகருது, பாப்பா ஒரு காலைக் கீழ்ப்படியில வச்சுட்டா. இந்தம்மாதான் எட்டி கவுனைப் பிடிச்சு இழுத்தாங்க."

குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்கள எழுப்பிப் பாத்தோம்" என்றார் அவர் மேலும். "கண்ணத் தொறந்து, 'இன்னும் கொஞ்ச நேரம்'னு சொல்லிட்டு மறுபடி தூங்கிட்டீங்க. இந்தம்மா குணசீலத்துல இறங்க வேண்டியவங்க. குழந்தையை யார்கிட்ட குடுக்கிறதுன்னு இங்க வரைக்கும் வந்துட்டாங்க." சொல்லிவிட்டு அவர் டீ குடிக்க இறங்கிப் போய்விட்டார்.

நான் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். நன்றி என்ற சொல் அப்போது வாயில் வரவே இல்லை. "என்னைய உலுக்கி எழுப்பியிருக்கலாமேக்கா" என்றுதான் சொன்னேன்.

"எழுப்பியிருக்கலாம்" என்றார். "இன்னும் ரெண்டு உலுக்கு உலுக்கியிருந்தா எந்திரிச்சிருப்பீங்க. எனக்குத்தான் மனசு வரல. நீங்க தூங்கி எத்தனை நாளாச்சோன்னு இருந்துச்சு உங்க முகத்தைப் பாத்தா."

எனக்கு எப்போதும் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும் என்பதால் அழுதாலும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. அவருக்குத் தெரிந்துவிட்டது. "அழுவாதீங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை" என்றார். குழந்தைக்காக மட்டும் நான் அழவில்லை. அத்தனை வருடத்தில் "இன்னுமா சரியாகல?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். நீ தூங்கவில்லை, களைத்துப்போயிருக்கிறாய் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. என் கணவர்கூட, பாவம், தானும் தூங்காமல் என் பக்கத்தில் கிடந்தவர், அதைச் சொன்னதில்லை.

குணசீலத்தில் என்ன வேலை என்று கேட்டேன். தன் தம்பி அங்கே கோயிலில் தங்கியிருப்பதாகச் சொன்னார். மனசு சரியில்லாதவர்களை ஒரு மண்டலம் அந்தப் பெருமாள் சந்நிதியில் வைத்திருப்பது வழக்கம். உச்சிகாலத்தில் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். அவருக்கு வீட்டிலும் வேலை, உறையூரில் வயதான மாமனாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் தினமும் காலையில் சமைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, தீர்த்தம் தெளிக்கும் நேரத்துக்கு வந்து, தம்பி பக்கத்தில் நின்றுவிட்டுப் போவாராம்.

அப்போது மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு ஆகிக்கொண்டிருந்தது. நேரம் தவறிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

"பரவாயில்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். "நீங்க கிளம்புங்க. உங்க வீட்டுல தேடுவாங்க." கூடையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, எதிரே திருச்சிப் பக்கம் போகிற பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார். வெயிலில் செருப்பை இழுத்து இழுத்து நடந்தார். அவரும் களைத்திருக்கிறார் என்று அப்போதுதான் கவனித்தேன்.

தங்கை வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். என்ன தோன்றியதோ, நான் அவர் பின்னால் போனேன். வேண்டாம், வேண்டாம் என்றார். "மூணு மணிக்குத்தான்க்கா வளைகாப்பு, வந்துருவேன்" என்று நானும் ஏறிவிட்டேன். அவர் தம்பி கோபித்துக்கொண்டால், தாமதத்துக்குக் காரணம் நான் என்று சொல்ல ஒரு ஆள் இருக்கட்டுமே என்றுதான் நினைத்தேன். வேறு கைம்மாறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வழியில் அவரே பேசினார். "தம்பிக்குத் தூக்கமே கிடையாதுங்க. அதுல ஆரம்பிச்சதுதான் எல்லாம். நல்லா வேலைக்குப் போயிட்டிருந்தான். ராத்திரி பூரா நடப்பான். அவன் வெளியில போயிரக் கூடாதேன்னு நானும் பின்னாலயே நடப்பேன். எப்பவாவது விடியக்காலம் கண்ணசருவான் பாருங்க, வாசல்ல பால்காரர் மணி அடிச்சாக்கூட ஓடிப்போய்ப் பேசாம இருங்கம்பேன். அதுலேருந்து, தூங்குற யாரையும் எழுப்ப எனக்குக் கை வர்றதில்ல."

எனக்கு என்ன உடம்பு என்று கேட்டார். பூந்தூள், தும்மல், மாத்திரை என்று சொன்னேன். சிரிக்கவில்லை. "வருஷா வருஷமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "அம்மாடி" என்று ஒரு பெருமூச்சு விட்டார், தனக்கே வந்ததுபோல.

குணசீலத்தில் இறங்கியபோது உச்சிகாலம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பிராகாரத்து நிழலில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் அவர் தம்பி உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். முகம் ஈரமாக இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா, "கூப்பிட்டுப் பாத்தேன். அக்கா வந்தாத்தான் வருவேன்னு இங்கயே உக்காந்துட்டாப்ல" என்றார். அக்காவின் முகம் ஒரு கணம் வாடியது. உடனே சமாளித்துக்கொண்டு தூக்குவாளியைத் திறந்து, தயிர்சோறும் நார்த்தங்காயும் இலையில் வைத்தார்.

"ஏன்க்கா லேட்டு?" என்றார் தம்பி. கோபமாக இல்லை. பயந்து போயிருந்தவர் கேட்பதுபோல இருந்தது.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா சொன்னார். "பஸ்ல ஒருத்தங்க தூங்கிட்டு இருந்தாங்கப்பா. அவங்க குழந்தைய வச்சிருந்தேன். அதான்."

இதை அவர் ஒரு காரணமாக ஏற்றுக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அவர் கையில் எடுத்த சோற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "நல்லாத் தூங்கினாங்களா?"

"நல்லாத் தூங்கினாங்க. இவங்கதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் இரண்டும் என் கண்ணைப் போலவே சிவந்திருந்தன. "பஸ்லயாங்க தூங்கினீங்க?"

"ஆமாங்க."

"அந்தச் சத்தத்துலயா?"

"ஆமாங்க. மாத்திரை போட்டிருந்தேன். அது மட்டுமில்ல, ரொம்ப அசதி."

அவர் அக்காவிடம் திரும்பி, "எனக்கும் பஸ்ல போனா வருமாக்கா?" என்று கேட்டார்.

"வரும்ப்பா. ஒரு நாள் போவோம். நீ சாப்பிடு" என்றார் அக்கா. அவர் மறுபடி சோற்றில் கை வைத்தார். என் மகள் விழித்துக்கொண்டு அவர் இலையைப் பார்த்துக் கை நீட்டினாள். அவர் ஒரு சின்ன உருண்டை பிடித்து, கொடுக்கலாமா என்று என்னைக் கண்ணால் கேட்டுவிட்டு, அவள் வாயில் வைத்தார்.

அதிக நேரம் அங்கே இருக்கவில்லை. கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்து, பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனார். "பாத்துப் போங்க. தூக்கம் வந்தா குழந்தையைப் பக்கத்துல யார்கிட்டயாவது குடுத்துட்டுத் தூங்குங்க, வெக்கப்படாதீங்க" என்றார். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நாங்கள் இரண்டு பேரும்.

பஸ் வரத் தாமதமாகி, முசிறி போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டி, வளையல் அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். முகம் கழுவி, பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மாத்திரையின் வேகம் குறைந்துகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. தங்கையின் வலது கையில் மூன்றாவது வளையலை ஏற்றும்போது மூக்கின் உள்ளே அந்தப் பழக்கமான குறுகுறுப்பு. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வந்தது, ஒன்றல்ல, ஐந்தாறு. தங்கையின் மாமியார் கையில் சந்தனக் கிண்ணத்தோடு என்னையே பார்த்தார்.

இன்னொரு நாளாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே ஓடியிருப்பேன். அன்றைக்கு ஓட எனக்குத் தெம்பில்லை. "உடம்புக்கு முடியலைங்க. வாசல்ல வேம்பு பூத்திருக்கு, அது எனக்கு ஒத்துக்காது. வருஷா வருஷம் வர்றதுதான். சகுனம் இல்லைங்க, நோவு" என்றேன். குரல் உயர்த்தவில்லை. இருக்கிற களைப்பில் அவ்வளவுதான் வந்தது.

அவர் சமாதானமானார் என்று சொல்ல மாட்டேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கூடத்து ஜன்னலைச் சாத்தினார். தங்கை இடது கையை என் முன்னால் நீட்டி, "போடுக்கா" என்றாள். ஆனி மாதம் அவளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை.

அதற்கு முன்பே, வைகாசியில் தங்கையைப் பார்க்கப் போனபோது குணசீலத்தில் இறங்கி விசாரித்தேன். அந்த அக்காவும் தம்பியும் மண்டலம் முடிந்து போய்விட்டார்கள் என்றார்கள். உறையூர் என்பதைத் தவிர வேறு அடையாளம் எனக்குத் தெரியாது. உறையூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச காலம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போவேன். எங்கும் தென்படவில்லை.

எனக்கு அந்த வியாதி தீரவில்லை. நாங்கள் ஸ்ரீரங்கத்தை விட்டுப் போகவும் இல்லை. மாமியார் மட்டும் மறுவருடம் வேப்பம்பூவை மாடியில் காய வைக்காமல் பக்கத்து வீட்டில் கொடுத்துக் காய வைத்து வாங்கிக்கொண்டார். நடந்ததைக் கேட்ட என் கணவர், பூக்கிற மாதங்களில் நான் மாத்திரை போடுகிற ராத்திரிகளில் குழந்தையைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, "நீ தூங்கு" என்று சொல்ல ஆரம்பித்தார். இப்போது தூக்கம் வராத மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனாலும் பங்குனி வந்தால் சில ராத்திரிகள் பழையபடிதான்.

மூக்கடைத்து எழுந்து உட்காரும் அந்த இரவுகளில், எனக்காகத் தன் நாளைத் தவறவிட்ட அந்த அக்காவையும், தனக்குக் கிடைக்காத தூக்கம் எனக்கு நன்றாகக் கிடைத்ததா என்று கேட்ட அந்தத் தம்பியையும் நினைத்துக்கொள்கிறேன். பிறகு அவர் எப்போதாவது நன்றாகத் தூங்கினாரா என்பது தெரியாமலேயே, தூங்கியிருக்க வேண்டும் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.